நான் அடைத்த வக்கடை

முழங்கால் வரை சேற்றில் நிற்கிறேன். மகள் கட்டாரிலிருந்து அனுப்பிய புதுக் காற்சட்டையைத் தொடை வரை சுருட்டியாயிற்று. இரண்டு கையிலும் களிமண். வரம்பின் மேல் நின்று ஹனீபா தன் போனில் என்னை வீடியோ எடுக்கிறான். "இந்தா பாருங்க, எங்கட விவசாயப் பணிப்பாளர்" என்று விளக்கம் வேறு கொடுக்கிறான்.

அவனுக்குப் பக்கத்தில் லத்தீப் மாஸ்டர். கணக்குப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒரு நடைக்கு ஒரு வசனம்தான் பேசுவார். அன்று கதிர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நெல்லு நல்லாப் பழுத்திட்டே மச்சான்" என்றார்.

மனிதர் இயற்கையை ரசிக்கிறார் என்று நினைத்தேன். "ஓம் மாஸ்டர், வடிவாத்தான் இரிக்கி" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு கட்டி மண்ணைத் தூக்கி வைத்து மிதித்தேன்.

நான் அடைத்துக்கொண்டிருந்தது ஒரு வக்கடை. வயலுக்குள் தண்ணீரை விடவும் வெளியே எடுக்கவும் வரம்பில் வெட்டி வைக்கிற வாய்க்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அந்த வாயால் தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பாவிப்பயல், நடையில் எங்களுக்குப் பழக்கமான புவனம் என்ற பெண்ணின் வயல் தண்ணீரைத் திருடுகிறான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் இறங்கிவிட வேண்டியதுதானே!

இரண்டு மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு மாசி மாதக் காலைநேரம் அது. சம்பந்தப்பட்டவர்கள் பெயரை மாற்றி எழுதச் சொன்னார்கள், மாற்றியிருக்கிறேன். என் முட்டாள்தனத்தை மட்டும் மாற்றவில்லை.

சீனி போட்ட நடை

நாங்கள் நடக்கத் தொடங்கியது சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால். மூன்று பேருக்கும் அது ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தது. டொக்டர் கைவீசி வேகமாக நடக்கச் சொன்னார். நடந்தோம், ஆனால் வேகம் என்ற சொல்லை மூன்று பேருமே காதில் வாங்கவில்லை.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு எங்கள் ஊரான சாய்ந்தமருதிலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புவோம். சம்மாந்துறைப் பக்கம் போகிற பாதையோரம் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. வண்டிகளை அங்கே விட்டுவிட்டு வாய்க்காலின் கரைக்கட்டில் ஏறி வீரமுனைத் திசையில் நடப்போம். போய்வர மூன்று கிலோமீற்றர்தான். எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும்.

ஏனென்றால் ஹனீபாவுக்குக் கதைத்துக்கொண்டு நடக்கத் தெரியாது. இரும்புக்கடை வைத்திருந்தவன், கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு வாயை மட்டும் தன்னோடு கொண்டுவந்துவிட்டான். ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நின்று, நம் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, கண்ணைப் பார்த்துத்தான் சொல்லுவான். அவனிடம் நிறைய விசயம் இருந்தது.

திரும்பி வந்ததும் அந்தக் கடையில் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும் சாப்பிடுவோம். அதை எங்கள் வீடுகளில் யாரும் அறியமாட்டார்கள். இன்றைக்கு அறிந்துகொள்வார்கள், பரவாயில்லை.

ஒரு தரம் பனிமூட்டத்துக்குள் கறுப்பாக ஒன்று நிற்கக் கண்டு, "யானை!" என்று ஹனீபா ஓடினான். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் யானை வருவது உண்மைதான். நானும் ஓடினேன். லத்தீப் மாஸ்டர் ஓடவில்லை. கறுப்புப் படங்கு போட்டு மூடிய நெல் வெட்டு மெசினைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆறுதலாக வந்து, "இரும்பு" என்றார். அன்றைய வசனம் அது. இரும்புக்கடைக்காரனுக்கு இரும்பைத் தெரியவில்லை என்று ஒரு மாதம் சொல்லிச் சிரித்தோம்.

எங்கள் ஊர் வசந்தம்

போன கிழமை இந்தப் பத்தியில் மாரி வெள்ளத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, உங்கள் ஊரில் வெள்ளமும் வெயிலும் தவிர வேறு காலமே இல்லையா என்று கொழும்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது பிள்ளை. மூன்று கிழமைதான் இருக்கிறது, எண்ணி இருபத்தொரு நாள்.

தை முடிந்து மாசி பிறக்கிற நாட்கள். மழை போயிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. காலையில் புல்லில் பனி இருக்கும். செருப்போடு நடந்தாலும் காற்பெருவிரல் நனைந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரியும். பள்ளங்களில் ஆம்பல் பூத்திருக்கும். பழுத்த நெல்லின் மணத்தோடு எங்கேயோ வைக்கோல் எரிகிற மணமும் வரும். அந்த மூன்று கிழமைக்குள் வீட்டில் படுத்துக் கிடக்கிறவன் மேல் எனக்குக் கோபமே வரும்.

அப்படிப்பட்ட நடையில்தான் புவனம் பழக்கமானார். வீரமுனைப் பெண், ஐம்பது கடந்தவர். புருசன் பாரிசவாதத்தில் விழுந்து நாலு வருடம் படுக்கை. புருசனுடைய பழைய சேட் ஒன்றைச் சீலைக்கு மேல் போட்டுக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துத் தன் வயலைத் தானே பார்த்தார்.

அடுத்த வரம்புக்காரர் இஸ்மாயில் காக்கா, எல்லாருக்கும் அண்ணன் மாதிரி, சம்மாந்துறை ஆள். புவனத்தின் புருசன் வயலுக்குள் விழுந்த அன்று, தன் கையுழவு மெசினின் இழுவைப்பெட்டியில் அவரைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் இவர். அன்றிலிருந்து இரண்டு வயலுக்கும் உரம் ஒன்றாக வரும். நோன்பு மாதத்தில் புவனம் வரம்பில் நின்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நாங்கள் நடந்துபோனால் இந்த வயலில் ஒரு சுகம் விசாரிப்பு, அந்த வயலில் ஒரு சுகம் விசாரிப்பு.

வயல் பெண்ணுக்கு

இவ்வளவு தெரிந்தவனுக்கு வக்கடையைத் தெரியாதா என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் வீடு வளவு வயல் எல்லாம் பெண்பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போவான், மாமியார் போடுகிற கதிரையில் இருந்து மாமியார் ஊற்றுகிற தேத்தண்ணியைக் குடிப்பான். வாப்பாவுக்கு இருந்த வயல் முழுக்க என் மூன்று ராத்தாமாருக்கும் சீதனமாகப் போயிற்று. நான் வயற்காரக் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் காலில் சேறு படாத பிள்ளை.

உத்தியோகம் இன்னும் மோசம். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் காணிப்படம் கீறினேன். இந்த வயல் வட்டையில் எந்தத் துண்டு எத்தனையாம் இலக்கம், எங்கே வாய்க்கால் திரும்புகிறது, எல்லாம் மனப்பாடம். கடதாசியில் தண்ணீர் ஓடாது என்பதுதான் பிரச்சினை.

சின்ன வயதில் வீட்டில் கேட்ட வயல் கதை ஒன்றே ஒன்றுதான். வாப்பா வயலால் வந்ததும் வராததுமாக, "வக்கடைய எவனோ வெட்டித் தண்ணியக் கொண்டுபோயிட்டான்" என்று கத்துவார். ஆகவே திறந்த வக்கடை என்றால் களவு, அடைத்தால் நன்மை என்று என் மண்டைக்குள் எழுதியாயிற்று. அறுவடைக்கு முன்னால் வயலைக் காயவைக்க வேண்டும், அதற்காக விதைத்தவர்களே வக்கடையைத் திறந்துவிடுவார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லத்தீப் மாஸ்டர் சொன்னார். நான் ரசனை என்று விட்டுவிட்டேன்.

அன்று புவனத்தைக் காணவில்லை. நாளைக்குச் சொன்னால் சந்தோசப்படுவார் என்று வீட்டுக்கு வந்தேன். மறுநாள் எழும்ப முடியவில்லை. மண் தூக்கியதில் இடுப்புப் பிடித்துவிட்டது. பொண்டாட்டி மூன்று நாள் எண்ணெய் தேய்த்தாள், தேய்க்கும்போதெல்லாம் ஏசினாள். நான் இல்லாமல் லத்தீப் மாஸ்டரோடு தனியாக நடந்தால் தனக்கு வாய் புண்ணாகிவிடும் என்று ஹனீபாவும் நின்றுவிட்டான்.

ஈரக் கண்டம்

நாலாம் நாள் போனோம். தூரத்திலேயே வெட்டு மெசின் சத்தம் கேட்டது. இஸ்மாயில் காக்காவின் வயலுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் கொக்குக் கூட்டம். எல்லாம் ஒரு கலியாண வீட்டுக் களையில் இருந்தது.

புவனத்தின் வயல் மட்டும் வெட்டப்படவில்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் பழுத்த நெல் நின்றது. சில இடத்தில் சாய்ந்தும் விட்டது. மேல் வயலால் வடிந்து வந்த தண்ணீரும் அதற்குள்தான் தேங்கியிருக்கிறது. புவனம் வரம்பில் நின்றிருந்தார், முகம் கறுத்திருந்தது.

என் கண் அப்போதே நான் மிதித்து வைத்த மண்ணுக்குப் போனது. ஹனீபா ஒன்றும் பேசாமல் போனை எடுத்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்ட வீடியோவை அழித்தான். அவன் பேசாமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

புவனம் சொன்னதன் சுருக்கம் இது. மெசின் முறையில் அவருடைய வயல்தான் முதலாவது. நேற்று மெசின் வந்தபோது வயல் ஈரம், இறக்கினால் புதையும் என்று மெசின்காரர் அடுத்த வயலுக்குப் போய்விட்டார். அதை வெட்டி முடித்ததும் வேறு வட்டைக்குப் போய்விடுவார். ஒரு துண்டு வயலுக்காகத் திரும்பி வரமாட்டார். வானொலியிலும் மழை சொல்கிறார்கள். மழை வந்தால் சாய்ந்த நெல் முளைத்துவிடும், ஒரு போகத்துப் பாடு போய்விடும்.

பார்த்தபோது வடிச்சல் வக்கடையை யாரோ மண் வைத்து, புல் வைத்து, மிதித்து அடைத்திருந்தார்களாம். வடியட்டும் என்று விட்டுவிட்டு மெசின் வரும்வரை அவர் வயலுக்கு வரவில்லை; கண்ட பிறகும் பெரியவர்கள் வந்து பார்க்கட்டும் என்று அடைப்பைத் தொடாமல் வைத்திருந்தார்.

"அடைச்சா ஆருக்கு முறை முந்தி வரும்? சொல்லுங்க சேர்," என்றார். அடுத்த வயலைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் யாரைச் சொல்கிறார் என்று விளங்கியது.

பின்னேரம் கமக்காரர் கூட்டம் இருக்கிறது, தண்ணீர் முறை பார்க்கிற வட்டை விதானையார் வருவார், கடிதம் கொடுக்க வேண்டும் என்றார். வீட்டிலிருந்து கடதாசி கொண்டு வந்திருந்தார். நான் கந்தோரில் இருந்த மனிதன், எழுத்தும் அழகு, எழுதித் தரச் சொன்னார்.

இரண்டரை வரி

நான் எழுதினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதினேன். வரம்பில் குந்தியிருந்து, ஹனீபாவின் முதுகில் கடதாசியை வைத்து, மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கினேன். எனது வயலின் வடிச்சல் வக்கடை வேண்டுமென்றே அடைக்கப்பட்டதால், என்று ஒரு வரி. என் பயிருக்கு ஏற்பட்டுள்ள, என்று இன்னொரு வரி. இச்செயலைச் செய்தவர் அடுத்த காணிக்காரரான, என்று வந்ததும் பேனை நின்றது.

பயம்தான். அந்த வயதில் அந்தக் காற்சட்டையோடு ஒரு பெண்ணுக்கு முன்னால், உன் நெல்லைக் கெடுத்த மடையன் நான்தான் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. ஆனால் அந்தப் பெயரை எழுதினால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கூட்டத்தில் அந்தக் கடிதத்தை வாசித்தால் அது புவனத்தினதும் இஸ்மாயிலினதும் கதையாக இருக்காது. தமிழரின் வீரமுனையினதும் முஸ்லிம்களின் சம்மாந்துறையினதும் கதையாகிவிடும். எங்கள் பக்கத்தில் அப்படி ஆன கதைகளை ஆற்றுவதற்கு எத்தனை வருடம் பிடித்தது என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஹனீபாவின் முதுகு அசையாமல் இருந்தது. லத்தீப் மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் வசனம் எதையும் செலவழிக்கவில்லை.

"புவனம், அத அடைச்சது நான்தான்."

"என்ன சேர்?"

"நான்தான். ஞாயிற்றுக்கிழமை. தண்ணி களவு போகுதெண்டு நினைச்சி அடைச்சன்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வரம்பிலேயே குந்திவிட்டார். மண்வெட்டியைப் பக்கத்தில் கிடத்திவிட்டுச் சொன்னார்.

"நேத்து அந்த மனிசன் தேத்தண்ணி அனுப்பினவரு. நான் வாங்கி, அவரு பாக்கக்குள்ள வரம்புல ஊத்திட்டன்."

பிறகு கடதாசியை என் கையிலிருந்து எடுத்துச் சுருட்டி இடுப்பில் சொருகினார். "நீங்க செஞ்சத நீங்களே போய் அவருக்குச் சொல்லுங்க. நான் அவரச் சந்தேகப்பட்டத மட்டும் சொல்லிராதிங்க, சேர்" என்றார். மண்வெட்டியை ஹனீபாவிடம் நீட்டி வக்கடையைக் காட்டினார். ஹனீபா சேற்றில் இறங்கினான்.

மெசின் சத்தத்துக்குள்

இஸ்மாயில் காக்கா மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். காதுக்குள் போய்க் கத்தினாலும் கேட்காத சத்தம். நான்தான் அடைத்தேன் என்று இரண்டு தரம் கத்தினேன், காதைக் காட்டினார். மூன்றாம் தரம் உயிரைக் கொடுத்துக் கத்திய அதே நேரம் மெசின்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த வட்டையில் இருந்த கொக்குக்கும் என் குற்றம் விளங்கியிருக்கும்.

நல்ல ஏச்சு வாங்கினேன். முப்பது வருடம் படம் கீறின ஆளுக்குப் பள்ளம் எது மேடு எது என்று தெரியாதா, சம்பளம் எதற்கு எடுத்தீர்கள் என்றெல்லாம் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஏச்சு முடிந்ததும் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"ரெண்டாம் நாளே கண்டன், சேர். திறந்து விடுவமெண்டு மண்வெட்டியோட போனன். பாதி வழியில நிண்டுட்டன்."

ஏன் என்று கேட்டேன்.

"நான் திறக்கக்குள்ள அவ கண்டா, அடைச்சதும் நான்தான் எண்டுதானே நினைப்பா. பயந்து திரும்பி வந்துட்டன். நான் போயிருந்தா இந்த நெல்லு காஞ்சிருக்கும். இது அவவுக்குத் தெரிய வேணாம்."

நாலு வருடம் ஒரு வரம்பில் நடந்தவர்கள். அவர் கையில் மண்வெட்டியோடு பாதி வழியில் நிற்கிறார், புவனம் கையில் தேத்தண்ணியோடு நிற்கிறார், நடுவில் என் ஒரு கட்டி மண். அன்று வந்த கோபம் போல என் மேல் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

திரும்பி வந்தேன். என்ன சொன்னார் என்று புவனம் கேட்டார். எனக்கு ஏசினார் என்றேன். தன்னைப் பற்றி ஏதும் சொன்னாரா என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அந்தப் பொய்க்காக நான் அல்லாஹ்விடம் தௌபா செய்து மன்னிப்புக் கேட்கவில்லை.

பச்சை நெல்

மெசின் மறுபடி ஓடியது. ஓரத்துக் கண்டம் ஒன்று, ஒரு வயல்துண்டு, மிச்சம் இருக்கும்போது இஸ்மாயில் காக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்றார் மெசின்காரர். வேண்டாம், அது இன்னும் பச்சை என்றார் இஸ்மாயில் காக்கா.

முட்டை மஞ்சள்கரு நிறத்தில் இருந்தது அந்த நெல். "பழுத்..." என்று லத்தீப் மாஸ்டர் வாயெடுத்தார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

மெசின்காரருக்கு எரிச்சல். மூன்று நாளில் திரும்பி வர வேண்டும், தனி ஒரு துண்டுக்கென்றால் வரமாட்டேன் என்றார். "அவவுடையதும் இரிக்கி, என்டதும் இரிக்கி. ரெண்டுக்கும் சேத்து வாங்க" என்றார் இஸ்மாயில் காக்கா. புவனம் இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் நாங்கள் உலாத்தவில்லை. வேலைக்குப் போகிற ஆட்கள் மாதிரிப் போனோம். வக்கடையால் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது. ஹனீபா ஒவ்வொரு நாளும் கண்டத்துக்குள் இறங்கிக் குதித்து, கால் எவ்வளவு புதைகிறது என்று பார்த்துச் சொன்னான். தயிர்ச்சட்டியை யாரும் நினைக்கவில்லை. புவனமும் இஸ்மாயில் காக்காவும் தூரத்தில் நின்று தலையை அசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வெட்டாமல் நின்ற அந்தக் கண்டத்தைப் புவனம் அடிக்கடி பார்த்தார். ஒரு தரம் அதன் கதிர் ஒன்றை உள்ளங்கையில் கசக்கியும் பார்த்தார்.

நாலாம் நாள் காலை மெசின் வந்தது. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஈரக்காற்றும் தொடங்கிவிட்டது. முறைப்படி புவனத்தின் வயல் முதல். மெசின்காரர் அந்தப் பக்கம் திருப்ப, புவனம் குறுக்கே போய்க் கையை நீட்டி மறித்தார். இஸ்மாயில் காக்காவின் ஓரத்துக் கண்டத்தைக் காட்டினார்.

"முதல்ல அதுக்குள்ள இறக்குங்க."

மழை வரப்போகிறது, முறை உங்களுடையது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் மெசின்காரர். இஸ்மாயில் காக்காவும் வேண்டாம் வேண்டாம் என்று வரம்பால் ஓடி வந்தார், தன்னுடையது இன்னும் பச்சை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புவனம் அவரை நேராகப் பார்த்தார். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் காக்கா, அது எவ்வளவு பச்சையெண்டு," என்றார். பிறகு மெசின்காரரிடம் திரும்பி, "அத வெட்டிட்டு வாங்க. நான் நிக்கன்" என்றார்.